ஐஸ் அறையில் வைத்த குளிசைகள்

என் நோயை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வலிப்புக்காரர்களின் கதை அப்படித்தான். விழுவது நாங்கள், பார்ப்பது மற்றவர்கள். கண் விழிக்கும்போது நாக்கு கடிபட்டிருக்கும், உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும், கட்டியிருந்த சாரம் நனைந்திருக்கும், சுற்றி நிற்பவர்களின் முகம் செத்துப் போயிருக்கும். என்ன நடந்தது என்று நான்தான் அவர்களிடம் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் டச்பார் ஊரில் எங்கள் வீட்டுக் கதிரைகளுக்கு ஓய்வில்லை. வருகிறவர்கள் தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவருகிறார்கள். கூடவே ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவருகிறார்கள். ஒருவர் மூக்கில் வெங்காயச் சாறு விடச் சொன்னார். இன்னொருவர் என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் சரி என்றார். அவருக்கு என்னோடு பழைய கோபம் ஏதும் இருக்கலாம். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: "நடுக்கடலில என்னதான் நடந்த?" சொல்லிச் சொல்லி வாய் களைத்துவிட்டது. மருந்தினால் கை நடுங்குகிறது, எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது. என்றாலும் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இனி வருகிறவர்களிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் படுத்துக்கொள்ளலாம்.

நான் எட்வின். பறங்கி, அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வழி வந்தவன். எங்கள் ஆட்கள் பரம்பரையாக மரவேலையும் இரும்புவேலையும் செய்தவர்கள். எனக்கு வாய்த்தது எஞ்சின். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் ஒரு போட்டில் எஞ்சின்காரனாக இருந்தேன். போட்டின் ஸ்கிப்பர் அல்போன்ஸ், என் மனைவி ரெஜினாவின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். சூரை மீன் தேடிப் போனால் ஒரு மாதத்துக்கு மேல் கரையைக் காணமாட்டோம். பூமத்திய ரேகையைத் தாண்டியும் போயிருக்கிறோம். அங்கே தூண்டில் போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினால் ஒரு அமைதி வரும். அதற்காகவே நான் கடலுக்குப் போனேன் என்று சொன்னால் ரெஜினா நம்பமாட்டாள். சம்பளத்துக்காகவும்தான்.

முதல் வலிப்பு கடலில் வரவில்லை, வீட்டில் வந்தது. கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேனாம். மீன் வெட்டிக்கொண்டிருந்த ரெஜினா வாளி உருளும் சத்தம் கேட்டு ஓடிவந்தாளாம். எனக்கு ஞாபகம் இருப்பது அவள் கையில் இருந்த மீன் செதில்கள் மட்டும்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே நோயைவிடப் பெரிய வேலை காத்திருப்பது. விடிவதற்கு முன் போய் நம்பர் எடுக்க வேண்டும். பிறகு வாங்கில் இருந்து முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நகர்ந்து நகர்ந்து கதவுக்குக் கிட்டப் போகும்போது டொக்டர் வார்ட்டுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை பக்கத்தில் இருப்பவர்களின் நோய்களையெல்லாம் கேட்டு முடித்துவிடலாம். அப்படிக் கேட்டதில் எனக்கு அரைவாசி நோய்கள் இருப்பதாகவே தோன்றியது.

தலையில் பசை தடவி வயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தை ஒரு கம்பியூட்டரில் கோடுகோடாகப் பார்த்தார்கள். ஈஈஜி என்பது அதுதான். வலிக்காது, தலைமயிரில் பசை போக மட்டும் மூன்று முறை முழுக வேண்டும். பிறகு ஸ்கேன். பெரிய ட்ரம் ஒன்றுக்குள் படுக்கவைத்து வெளியே நின்று தகரத்தில் அடிப்பதுபோல ஒரு சத்தம். டொக்டர் ஒரு இளம் பெண். என் தொழிலைக் கேட்டுவிட்டு எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

"மூளை வேலை செய்யிறதும் கரண்டிலதான். ஒரு மூலையில அது ஒழுங்கில்லாமல் பாயும். எல்லா இடமும் பரவினால் நீங்கள் விழுவீங்கள். பேயும் இல்லை, சாபமும் இல்லை, ஒருத்தருக்கும் தொத்தாது. குளிசையை ஒருநாளும் விடக்கூடாது, நித்திரை முழிக்கக்கூடாது."

"கடலுக்குப் போகலாமா டொக்டர்?"

"போகாமல் இருந்தால் நல்லம்."

போகாமல் இருந்து பார்த்தேன். டொக்டர் தந்த குளிசை மாத்திரை நன்றாக வேலை செய்தது. நீண்ட காலம் ஒரு வலிப்பும் வரவில்லை. டொக்டர் சந்தோஷப்பட்டார், ஆனால் கடல் பேச்சை எடுத்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். கடைசியில் ரெஜினா மனமிரங்கி மூன்று நிபந்தனைகள் போட்டாள். இரவுக் காவலுக்கு என்னை நிறுத்தக்கூடாது, மேல்தட்டுக்கு வந்தால் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், குளிசைக்கு அல்போன்ஸ் பொறுப்பு. அல்போன்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடலில் கன்றுக்குட்டி மாதிரிக் கயிற்றோடு திரிந்தேன். மற்றவர்கள் முழித்திருக்க நான் ஒருவன் மட்டும் முழு இரவும் தூங்கினேன். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அப்படிச் சில பயணங்கள் குறையில்லாமல் போய்வந்தோம்.

இனித்தான் குளிசைக் கதை. என் மாமிக்கு, அதாவது அல்போன்ஸின் தாய்க்கு, நீரிழிவு. ஊசி மருந்து போடுகிறவர். அந்த மருந்து சூட்டில் பழுதாகிவிடும். பல வருடங்களாக அதை ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் போத்தலில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது அல்போன்ஸின் வேலை. அவனுடைய புத்தியில் மருந்து என்றால் குளிரில் இருக்க வேண்டிய பொருள். நானோ குளிசைப் பையை எஞ்சின் அறை வாசலில் ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். எஞ்சின் அறையின் சூடு எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஒருநாள் அதைத் தொட்டுப் பார்த்தவன், "ஐயோ, இது வெந்துபோயிருமே" என்று நினைத்து, பையை ஒரு பொலித்தீனில் சுற்றி, மீன் போடும் ஐஸ் அறைக்குள் பத்திரமாக வைத்துவிட்டான். குளிசைக்குப் பொறுப்பு அவன்தானே. என்னிடம் சொல்ல வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சாதாரணமான காரியம்.

என் சட்டைப் பையில் சில நாளைக்குக் குளிசை இருந்தது. அது முடிந்து ஆணியைப் பார்த்தால் பை இல்லை. அல்போன்ஸ் சிரித்துக்கொண்டு ஐஸ் அறைக்குள் இறங்கினான். மேலே வரும்போது சிரிப்பு இல்லை. மீனின் முள் குத்திப் பொலித்தீன் கிழிந்திருந்தது. உள்ளே ஐஸ் தண்ணீர். ஆஸ்பத்திரியில் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டுத்தான் தருவார்கள். உறையும் குளிசையும் கரைந்து பிட்டுக்கு நனைத்த மாப்போல ஒன்றாகக் கிடந்தன, மேலே மீன் இரத்தம் வேறு.

அல்போன்ஸ் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். எங்கள் சமையல்காரர் யூசுப் நானாதான் முதலில் வாய் திறந்தார். "வழிச்சித் தின்னேலாதா?" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். கொஞ்சத்தை வழித்து விழுங்கியும் பார்த்தேன். எவ்வளவு மருந்து, எவ்வளவு மீன் என்று யாருக்குத் தெரியும்? வயிற்றில் நிற்கவில்லை.

அல்போன்ஸ் ரேடியோவைப் பிடித்தான். அந்தச் சமுத்திரத்தில் கேட்கிற தூரத்தில் இருந்த எல்லாப் போட்டுகளையும் கூப்பிட்டான். "வலிப்புக் குளிசை ஆரிட்டயும் இரிக்கா? வலிப்புக் குளிசை!" தமிழில் கேட்டான், தனக்குத் தெரிந்த சிங்களத்திலும் கேட்டான். தெற்குப் பக்கத்துப் போட் ஒன்று பதில் சொன்னது. அவர்களிடம் காய்ச்சல் குளிசையும் தைலமும் இருந்தன. வேண்டுமானால் ஒருநாள் தூரம் ஓடிவந்து தருவதாகச் சொன்னார்கள். அந்த மனிதர்களின் முகம் தெரியாது.

"போட்டைத் திருப்பப் போறன்" என்றான் அல்போன்ஸ்.

"விசரா உனக்கு? ஐஸ் அறை பாதிகூட நிறையல்ல. எனக்கு வராமலும் இரிக்கலாம். மத்தவங்கட புள்ளைகளும் சாப்பிடணும்" என்றேன்.

"நீ வாயப் பொத்திட்டு எஞ்சினப் பாரு மச்சான்."

திருப்பினான். கரைக்குப் பல நாள் ஓட்டம். முதல் இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பார்த்தாயா என்று அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பின்னால் யூசுப் நானா வார்ட்டுக்கு வந்து சொன்னதுதான்.

இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போட்டில் இரும்புக்கா பஞ்சம்? என் கையில் பெரிய ஸ்பானரைத் திணித்தார்களாம். எஞ்சின்காரனுக்கு ஸ்பானர் கொடுத்தால் எழுந்து வேலை செய்வான் என்று நினைத்தார்களோ என்னவோ. இழுக்கிற இழுப்பில் அதனாலேயே என் முன்பல்லை நான் உடைத்துக்கொண்டேன். வாசிப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: இரும்பும் வேண்டாம், வாய்க்குள் கரண்டியும் வேண்டாம். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி. நடுக்கடலில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

"நீ உழுந்து எழும்பி, திரும்பவும் உழக்குள்ள, அல்போன்ஸ் என்ன செய்தான் தெரியுமா?" என்றார் யூசுப் நானா. "தன்ட இடுப்பையும் உன்ட இடுப்பையும் ஒரே கயித்தில கட்டிப்போட்டுப் படுத்தான். கடலுக்க போனா ரெண்டு பேரும் போவம் எண்டான். நாலு நாள் அவன் கண் மூடல்ல."

கரை சேர்ந்தபோது எனக்கு ஒரு வலிப்பு முடிந்து நினைவு திரும்புமுன் அடுத்தது வந்துகொண்டிருந்ததாம். வலிப்பிலேயே ஆபத்தானது அதுதான், மூளைக்கு மூச்சுவிட நேரமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊசியால் என்னைத் தூங்கவைத்து, தொண்டையில் குழாய் விட்டு, இயந்திரம்தான் எனக்காக மூச்சு விட்டதாம். கண் விழித்தபோது ஒரு நர்ஸ் மிஸ்ஸி குனிந்து என் பெயரைக் கேட்டாள். நான் பெயரைச் சொல்லாமல், "எஞ்சின நிப்பாட்டியாச்சா?" என்று கேட்டேனாம். அந்த மிஸ்ஸி போய் ரெஜினாவிடம், "ஓம் ஓம், நிப்பாட்டியாச்சு எண்டு சொன்னன், மறுகா அமைதியாப் படுத்திட்டார்" என்றாளாம். ரெஜினா அப்போதுதான் முதன்முதலாகத் தண்ணீர் குடித்ததாகச் சொன்னாள்.

பிறகு வார்ட் வாழ்க்கை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சித்தாண்டியிலிருந்து வந்த ஒரு வேளாண்மைக்காரர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. தன் கையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, வயல் வட்டையில் தண்ணீர் கட்டியாயிற்றா என்பதுதான் கவலை. மகள் வரும்போதெல்லாம் கோணின வாயால் அதையே கேட்பார். எனக்குத் தூங்கப் பயம். தூக்கத்தில் வந்துவிட்டால்? "நான் முழிச்சித்தான் இரிக்கன் தம்பி, நீ படு" என்பார். அவருடைய மகள் கொண்டுவரும் கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை வரும்.

ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் நோய் காசு கேட்கும். ஓட்டோ, வெளியில் எடுக்கச் சொன்ன ஒரு ஸ்கேன், வேலையில்லாத வீட்டின் அடுப்பு. ரெஜினா அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அவளுடைய காதில் இருந்த தோடு மட்டும் ஒருநாள் இல்லாமல் போயிற்று. நான் கேட்கவில்லை, கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும் அவளுக்கு.

புதிய மருந்து சேர்த்தார்கள். அது வலிப்பை அடக்கியது, என்னையும் அடக்கியது. குளிக்கும் அறைக்குப் போய்வந்தால் வண்டி இழுத்தவன்போலக் களைப்பு. சொல்ல நினைத்த சொல் வாய்க்கு வராது. ஒருநாள் 'கரண்டி' என்ற சொல்லுக்காக அரைமணி நேரம் தேடினேன். எரிச்சலில் ரெஜினா மேல் விழுந்தேன். அவள் சோற்றைக் குழைத்து ஊட்டினாள். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அல்போன்ஸ் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கேட் வரைக்கும் வருவான். தானே சமைத்த மீன் குழம்பை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான்.

"உள்ள வந்து பாருங்கண்ணா எண்டா, தலைய ஆட்டிட்டுப் போறார்" என்றாள் ரெஜினா.

போட் துறைமுகத்தில் சும்மா கிடந்தது. வேறு எஞ்சின்காரன் வேண்டாம், எட்வின் வரட்டும், அவன் வராமல் போட் எடுக்கிறதில்லை என்று அல்போன்ஸ் சொல்லிவிட்டானாம். இதை யூசுப் நானா பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய சாரம் பழசாக இருந்தது, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் டொக்டரிடம் கேட்டேன். அவர் நேராக என் முகத்தைப் பார்த்து, "இப்போதைக்கு இல்லை. ஒரு வலிப்பும் இல்லாமல் நீண்ட காலம் போகட்டும். பிறகு பார்ப்போம்" என்றார். எல்லோரும் அந்தப் 'பிறகு'வைப் பிடித்துக்கொண்டார்கள். 'பிறகு போவார்' என்று ரெஜினா சொன்னாள், 'பிறகு வருவாய்' என்று யூசுப் நானா சொன்னார். எனக்குள்ளே ஒரு சொல் வேறாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது? எனக்காகப் போட்டுக்காரர்கள் ஐந்து பேரின் வீட்டுக் கஞ்சிச் சட்டி காத்திருக்கும்போது?

வீட்டுக்கு அனுப்ப முன்னர் இன்னொரு ஈஈஜி எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். இந்தத் தடவை முதல்நாள் இரவு முழுவதும் நான் தூங்கக்கூடாது. களைத்த மூளை விடியற்காலையில் தூங்கும்போதுதான் ஒளித்திருக்கும் கோளாறு கோட்டில் தெரியுமாம். என்னை முழித்திருக்கவைக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். ஆண்கள் வார்ட்டில் இரவில் பெண்கள் நிற்க முடியாது. ரெஜினா கேட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள்: "நீங்க வராட்டி நான் சாரம் கட்டிக்கொண்டு வந்து நிப்பன், சொல்லிட்டன்."

வந்தான். தாடி வளர்ந்திருந்தது. என் உடைந்த பல்லைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். இருவரும் வார்ட் வராந்தாவில் வாங்கில் இருந்தோம். என் கண் சொருகும்போதெல்லாம் முழங்கையால் இடிப்பான். பள்ளிக்கூடத்துக் கதைகள், பழைய மாஸ்டர்மார், யாருடைய காதல் கடிதத்தை யார் கொண்டுபோனது, எல்லாம் பேசி முடிந்தது. குளிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிளாஸ்கில் தேத்தண்ணி முடிந்தபோது அவன் சொன்னான்:

"எஞ்சினுக்கு ஒயில் மாத்தி வெச்சிரிக்கன். நீ வந்து ஒருக்கா பாத்தாச் சரி."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எனக்கு ஏலா மச்சான்" என்றேன். "களைச்சிப்போனன். டொக்டர் விட்டாலும் இனி நான் வரல்ல."

திட்டுவான் என்று நினைத்தேன். எனக்காகப் போட்டைத் திருப்பியவன், எனக்காகத் துறைமுகத்தில் கட்டி வைத்திருப்பவன். பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினான்.

"இத நீ சொல்லணும் எண்டுதான் பாத்துட்டு இரிந்தன்" என்றான். "உன்னக் கொண்டுபோக எனக்கு இனித் தைரியமில்ல எட்வின். ஆனா நான் எப்படிச் சொல்லுற? மருந்தப் பழுதாக்கினதும் நான், மறுகா வேலையால நிப்பாட்டினதும் நான் எண்டா, தங்கச்சிர முகத்த எப்படிப் பாக்கிற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் அவனுக்காகவும் அவன் எனக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்ததில் அத்தனை வீட்டு அடுப்பும் அணைந்து கிடந்திருக்கிறது. இரண்டு கழுதைகள் என்றேன். ஓம் என்றான். சிரித்தோம். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அப்ப எஞ்சினுக்கு ஆர எடுக்கிற?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல எஞ்சின்காரன் ஒருவன் குருக்கள்மடம் ஊரில் இருக்கிறான். பெயர் நாக்கு நுனியில் இருந்தது. இந்த முறை அது வெளியே வராதது மருந்தால் அல்ல. ஊசி, குழாய், உடைந்த பல் எதுவும் அதைச் சொல்வதுபோல வலிக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் நாளைக்கே அவன் என் இடத்தில் இறங்கிவிடுவான், எஞ்சினை நிறுத்துவான், அந்த அமைதியைக் கேட்பான்.

அல்போன்ஸ் அவசரப்படுத்தவில்லை. கையை என் முதுகில் வைத்துக்கொண்டிருந்தான்.

பெயரைச் சொன்னேன். அவன் எங்கே வேலை செய்கிறான், யாரிடம் கேட்டால் பிடிக்கலாம் என்பதையும் சொன்னேன். பழைய எஞ்சின், காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவனைத் திட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுதேன். அல்போன்ஸும் அழுதான். வார்ட்டுக்குள்ளிருந்து மிஸ்ஸி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

விடிந்ததும் தலையில் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். லைட்டை அணைத்தார்கள். "இனி நித்திரை கொள்ளுங்கோ ஐயா" என்றாள் அந்த அறையில் வேலை செய்த பெண். படுத்தேன். அல்போன்ஸ் கதவுக்கு வெளியே யாருக்கோ போன் எடுத்து, அந்தக் குருக்கள்மடத்துக்காரனை விசாரித்துக்கொண்டிருந்தான்.